வேன் போன பிறகு

அப்போது நான் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் என்று நினைக்கிறேன். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். காய்ச்சலில் கிடந்த இரண்டு வயது மகளை, நாங்கள் குடியிருந்த பொங்கலூரில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். செல்போனிலும் சார்ஜ் இல்லை. பகல் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை என்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். இருட்டில் தட்டுத்தடுமாறி கம்பெனி வேனில் ஏறினோம். மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் பக்கத்து சீட் காலியாக இருப்பதைப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் உட்காரும் இடம் அது.

"டவுன் பஸ்ல போயிருப்பாக்கா" என்றார்கள் வேனில் இருந்தவர்கள். எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. மாதவிலக்கு வலி தாங்காவிட்டால், பனியன் வேஸ்ட் மூட்டைகள் போட்டிருக்கும் கோடவுன் அறைக்குப் போய்க் கொஞ்சநேரம் படுத்துக்கொள்வது எங்கள் பெண்களின் வழக்கம். சூப்பர்வைசருக்குத் தெரியாது. மதியமே அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. இருட்டில் யாரும் பார்க்காமல் அந்த அறையின் ஷட்டரை இழுத்துப் பூட்டியிருந்தால்?

வேனைத் திருப்பச் சொன்னேன். "ஏனுங்க்கா, இவங்கெல்லாம் ஊடு போய்ச் சேர வேண்டாமுங்களா?" என்றார் டிரைவர். "ஒங்க பிள்ளைக்குத்தான காய்ச்சல், நீங்களே இப்படிச் சொன்னா எப்படிக்கா?" என்று பின்சீட்டில் ஒருத்தி சலித்துக்கொண்டாள். நியாயமான கேள்விதான்.

எங்கள் சர்ச் ஞாயிறு பள்ளியில், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமல் போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி இயேசு சொன்ன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். ஆடு மாதிரி கத்திக்கூடக் காட்டுவேன். அன்றைக்கு அந்தக் கதை என் தலையிலேயே வந்து விடிந்தபோது, இயேசுவின் மேல் கோபம்தான் வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டா அவர் ஆட்டைத் தேடச் சொன்னார்?

ஆனாலும், "நிறுத்துங்கண்ணே, நான் எறங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். வேன் போய்விட்டது.

தூறலில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். "உள்ள ஆரும் இல்லீங் கண்ணு" என்றார் வயதான வாட்ச்மேன். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய் ஷட்டரைத் தட்டினேன். மறுபடி தட்டியபோது இருமல் கேட்டது. "அக்கா, மூச்சு முட்டுது..." பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகவில்லை. சாவியோ கோடவுன்காரர் வீட்டில். வாட்ச்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அவர் வரும்வரை தரையில் உட்கார்ந்து, "நான் இங்கனதான் இருக்கேன், பயப்படாத" என்று ஷட்டர் இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருந்தேன். மனசு மட்டும் பொங்கலூரிலேயே கிடந்து தவித்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஜெபம்தான் என்னால் செய்ய முடிந்தது.

சாவி வந்து ஷட்டரைத் தூக்கியதும், சுருண்டு கிடந்தவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அவளுடைய சித்தி வந்ததும் நான் பஸ் பிடித்தேன்.

பொங்கலூர் வந்து பார்த்தால் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தெருவில் நின்றேன். அப்போதுதான் எங்கள் கம்பெனி வேன் தெருமுக்கில் திரும்பியது. சலித்துக்கொண்டாளே, அவள் மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்காவும் கூட இருந்தார்.

"நீங்க வர நேரமாவும்னு இந்தக்காகிட்டச் சொல்லிட்டுப் போலாம்னுதானுங்க வந்தோம். பாப்பாவுக்கு ஒடம்பு கொதிச்சுதுங்க. நேரா டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிட்டோமுங்க. இப்பப் பரவால்லீங்க" என்றார் டிரைவர். வேனில் பாதிப்பேர் இன்னும் தங்கள் வீட்டுக்கே போயிருக்கவில்லை. நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

இன்றும் ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையைச் சொல்கிறேன். ஒன்றைத் தேடிப் போனவர் திரும்பும்வரை மற்ற ஆடுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று பிள்ளைகள் கேட்டால், என் பிள்ளையை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தன என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.