குழாய்க்குள் ஒரு மலை

அக்கா ஒரு நாளைக்குப் பதினான்கு பேரைக் குழாய்க்குள் அனுப்புகிறாள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஸ்கேன் இயந்திரத்தோடு அவளுக்கு ஒன்பது வருஷமாக வேலை. உள்ளே பெரிய காந்தம் இருப்பதால் ஊக்கு, ஹேர்பின், கம்மல் எதுவும் கூடாது. தினமும் கழற்றி மாட்டிச் சலித்துப்போய் அவள் கம்மல் போடுவதையே விட்டுவிட்டாள். காதுத் துளை தூர்ந்துபோய் வருஷங்கள் ஆகின்றன.

வருகிறவர்களைப் படுக்கவைப்பாள். தலைக்கு ஸ்கேன் என்றால் முகத்தின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் சட்டம் ஒன்றைக் கவிழ்த்துப் பூட்டுவாள். அதற்கு முறையான பெயர் ஏதோ இருக்கிறது. அங்கே எல்லோரும் கூண்டு என்றுதான் சொல்கிறார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பாள். தாங்க முடியாவிட்டால் அதை அமுக்கலாம், மணி அடிக்கும், வெளியே இழுத்துவிடுவார்கள். மற்றபடி அரை மணி நேரம் அசையக்கூடாது. எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்க வேண்டும். இயந்திரம் தட்டும், இடிக்கும், சுவரில் துளை போடுவதுபோல உறுமும். ஒவ்வொரு தட்டலும் நாலிலிருந்து ஆறு நிமிஷம். நடுநடுவே கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து அக்கா மைக்கில் பேசுவாள். படுத்திருப்பவர்களின் ஹெட்போனில் அது கேட்கும்.

கதை சொல்லும் பழக்கம் ஒரு கிரேன் ஓட்டுநரால் வந்தது. நாற்பதாவது மாடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து இரும்பு தூக்குகிற ஆள். கூண்டைப் பூட்டியதும் குழந்தை மாதிரி அழுதிருக்கிறார். முதல் தட்டல் முடிவதற்குள் பந்தை அமுக்கிவிட்டு, "யாரும்மா அது, அந்தப் பக்கமிருந்து தட்டறது?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா யோசிக்கவே இல்லையாம். "மலை" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அதற்குக் கதை வேண்டுமே, அங்கேயே கட்டினாள்.

"ஒரு காலத்துல மலைக்குக் கண்ணு இருந்துச்சு. சூரியனையே முறைச்சுப் பார்த்து அது அவிஞ்சுபோச்சு. அதுல இருந்து தனக்குள்ள யார் வந்தாலும் தட்டித்தான் பார்க்கும். அசைஞ்சா ஆடுன்னு முழுங்கிடும். அசையலைன்னா நம்ம கல்லுதான்னு விட்டுடும். ஊர்ல ஓடுன ஆத்தை இந்த மலை உள்ள இழுத்துப் பூட்டி வச்சிருந்துச்சு. அதைத் திறந்துவிட ஒருத்தி கிளம்பிப் போனா."

"அப்புறம்?"

"இப்ப ஆறு நிமிஷம் தட்டும். அசைஞ்சீங்கன்னா அப்புறம் கிடையாது."

அந்த மனிதர் கல்லாகக் கிடந்தார். சத்தம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் தட்டுவது யார், எதற்குத் தட்டுகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அக்கா எல்லோருக்கும் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டலுக்கும் மலைக்குள் ஒரு கதவு. கடைசிக் கதவில் ஆறு. வலிப்பு வந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற ஒரு பெண், அந்தக் கதைக்காகவே அக்காவின் ஷிஃப்டைக் கேட்டு வாங்குவாளாம். அக்கா ஷிஃப்டில் எடுத்த படங்கள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள்.

நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டு சோபாவுக்கு வந்து சேர்ந்தபோது, அக்காவுக்கு வலது காது பாதி போயிருந்தது. போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள். தலை திரும்பினால் சுவரைப் பிடித்தாள். இது வெறும் காதுக் கோளாறு இல்லை, கேட்கும் நரம்பில் ஏதாவது வளர்ந்திருக்கலாம், தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று காது டாக்டர் சொன்னார். மாடியில் சீட்டெழுதி அவளுடைய கீழ்த்தளத்துக்கே அனுப்பினார்.

முதல் தடவை, கூண்டைப் பூட்டிய உடனே பந்தை அமுக்கிவிட்டாள்.

அத்தான் வாகனம் ஓட்டக் கற்றுத்தருகிறவர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால்கூட யாராவது வேகமாகப் பேசும்போது அவர் வலது கால் தரையில் பிரேக் போடும். அன்று, "ஒன்பது வருஷமா டிக்கெட் கிழிச்ச, ஒரு நாள் ராட்டினத்துல ஏறச் சொன்னா இறங்கிட்டியே" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அவர் கால் தரையை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றது.

இரண்டாவது தடவை மாத்திரை போட்டுக்கொண்டு போனாள். பிரிவின் இன்சார்ஜ் தானே மைக்கைப் பிடித்து, அவள் கதையை அவளுக்கே சொன்னார். பதினோரு நிமிஷம் தாங்கினாள். அப்புறம் மணி அடித்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தக் கதவும் மூடக்கூடாது என்று ஆகிவிட்டது. குளியலறைத் தாழ்ப்பாளை அவள் போடுவதில்லை. வெளியே நான் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். லிஃப்டில் ஏறமாட்டாள். பஸ்ஸில் வாசல்படிக்குப் பக்கத்துச் சீட்டு கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவாள். "எல்லாக் கதவும் திறந்து கிடக்கு. திருடன் வந்தா செருப்பை வெளியே கழட்டணும்னு ஒரு போர்டு மட்டும் வச்சிடுவோம்" என்றார் அத்தான். வேலையிலும் கதை நின்றுபோனது. மைக்கில், "நாலு நிமிஷம், அசையாதீங்க" என்பதோடு சரி. வலிப்பு வருகிற அந்தப் பெண் வந்து, "மலை என்னக்கா ஆச்சு?" என்று கேட்டபோது, "இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூண்டைப் பூட்டினாளாம்.

ஒரு காலையில் சமையலறையில் வைத்துக் கேட்டேன். "பதினோரு நிமிஷம் இருந்தியே. அப்புறம் என்ன ஆச்சு?"

அவள் வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ படுத்தா உனக்குக் கேக்கறது சத்தம். எனக்கு அப்படி இல்லை. இது குறுக்குப் படம், இது நெடுக்குப் படம், இது நரம்புக்குன்னு தட்டறதை வச்சே தெரியும். ஒரே தட்டல் ரெண்டாவது தடவை வந்துச்சு. வந்தா என்ன அர்த்தம் தெரியுமா? டாக்டர் எதையோ பார்த்துட்டு இன்னொண்ணு எடுக்கச் சொல்லியிருக்கார்னு அர்த்தம். நானே எத்தனை பேர்கிட்ட, சும்மா ஒரு படம் எக்ஸ்ட்ரான்னு சொல்லியிருக்கேன். ஒருத்தருக்கும் அது சும்மாவா இருந்தது இல்லை."

"கோணம் தப்பா வச்சுட்டேன், அதான் மறுபடி எடுத்தேன்னு இன்சார்ஜ் சொன்னாரே."

"நானும் அதைத்தான் சொல்வேன்."

"கதை?"

"அது என் கதைடி. நான் சமைச்சதையே எனக்கு ஸ்பூன்ல ஊட்டுற மாதிரி இருந்துச்சு. எந்தக் கதவுக்குப் பின்னாடி என்னன்னு நான்தானே வச்சேன். அதுக்குள்ள எங்க போய் ஒளியறது?"

காது டாக்டர் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். அதற்குள் படம் வரவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து எடுக்கிற வேறொரு ஆஸ்பத்திரிக்கு எழுதுவார். அங்கே ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். காது வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டிருந்தது. மீதியிருப்பதும் அந்த ஐந்து வாரத்தில் போனால் திரும்ப வராது என்றார்.

வியாழக்கிழமை மட்டும்தான் இயந்திரத்தில் இடம் இருந்தது. அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தது ரேடியோ.

ரேடியோ அக்கா வயதுக்காரி. எழுந்ததிலிருந்து தூங்கும்வரை பேசுகிறவள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். மைக்கில் அவள் நோயாளிகளிடம் தன் மாமியார், தண்ணீர் மோட்டார், மகனின் பரீட்சை எல்லாம் பேசுவாள். அவர்கள் சிரிப்பார்கள், படம் கலங்கிவிடும். "அவ ஷிஃப்ட்டா?" என்றாள் அக்கா. "அவ எடுக்கற படத்துல மூக்கு எது காது எதுன்னே தெரியாது." ஆனாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

ரேடியோ தயாராக நின்றாள். "வாங்க மேடம். உங்களைப் பூட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

"பேசாம வேலையைப் பாரு."

"அது ரெண்டும் சேர்ந்து எனக்கு வராது."

கூண்டு பூட்டும்போது அக்காவின் கட்டைவிரல்கள் மடங்கியிருந்தன. பந்தை வயிற்றோடு வைத்துக்கொண்டாள். மேஜை உள்ளே நகர்ந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ரேடியோவுக்குப் பின்னால் நின்றேன். எனக்குத் தெரிந்தது அவள் வயிறும், பந்தை வைத்திருந்த கையும், பாதங்களும் மட்டும்தான். பாதங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தன.

முதல் தட்டல் முடிந்தது. ரேடியோ மைக் பட்டனை அழுத்தினாள்.

"உன் கதையைத்தான் சொல்லணும்னு இன்சார்ஜ் சொன்னார். எனக்கு அது முழுசா தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஒரு மலை இருந்துச்சு. அதுக்குக் கண்ணு தெரியாது. உள்ள ஒருத்தி போனா. ஏன் தனியா போனா, வீட்டுல வேற ஆளே இல்லையான்னு கேக்காத, உன் கதை. சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டுப் போனா. அதை நான் சேர்த்துக்கிட்டேன். அஞ்சு நிமிஷம்."

தட்டல். பாதங்கள் அப்படியே இருந்தன.

"ரெண்டாவது கதவு. மலை ஏன் தட்டுதுன்னு நீ சொல்றது தப்பு. எங்க மாமியார் கண்ணாடியைத் தொலைச்சுட்டு இப்படித்தான் வீடு முழுக்கத் தட்டுவாங்க. அலமாரி, அரிசி டின், என் தலை. கண்ணாடி அவங்க நெத்திமேலயே இருக்கும். இந்த மலையும் அப்படித்தான். அதோட மாமியார் பக்கத்து மலை. அவ சும்மா இருக்காளா? காலையில இருந்து, ஆறு எங்க, ஆறு எங்கன்னு ஒரே நச்சரிப்பு. உனக்கு ஒரு ஆத்தை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலைன்னு குத்திக்காட்டறா. நாலு நிமிஷம்."

தட்டல் ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அக்காவின் பாதங்கள் குலுங்கின. நான் மணி அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. வயிறும் குலுங்கியது. அப்புறம்தான் புரிந்தது, அவள் சிரிக்கிறாள்.

திரையில் படம் தண்ணீரில் பார்த்ததுபோல வந்தது. ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போச்சு. அசைஞ்சுட்ட. இது மறுபடி."

அதே தட்டல் திரும்ப வந்தது. எந்தச் சத்தம் போன தடவை அவளை வெளியே இழுத்ததோ, அதே இரண்டாவது தடவை. பந்தைப் பார்த்தேன். விரல்கள் அதன்மேல் இருந்தன, அமுக்கவில்லை. இந்தத் தடவை அது ஏன் திரும்ப வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் சிரித்ததால் வருகிறது.

மூன்றாவது கதவில் மலையும் மாமியார் மலையும் பேச்சுவார்த்தை நிறுத்தியிருந்தன. அக்கா மறுபடி குலுங்கினாள். மறுபடி எடுத்தார்கள். இடையில் மாடியிலிருந்து டாக்டரின் போன் வந்தது. ரேடியோ எழுந்து போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "சரி சார், சரி சார்" என்று மட்டும் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகும் ஒரு தட்டல் இரண்டு தடவை வந்தது. எது எதற்காக என்று என்னாலேயே கணக்குவைக்க முடியவில்லை.

கடைசியாக, படம் துலக்கமாகத் தெரிவதற்கான ஊசிமருந்தை ஏற்றிய பிறகு ரேடியோ வெகுநேரம் மைக்கைத் தொடவில்லை. பிறகு, அவளிடமிருந்து நான் எதிர்பார்க்காத ஒரு சின்னக் குரலில் பேசினாள்.

"கடைசிக் கதவு. இதுக்கு அப்புறம் அவ என்ன பார்த்தான்னு எனக்குத் தெரியாது. ஆறு இருக்குன்னு நீ எல்லார்கிட்டயும் சொன்ன. நீ அப்பக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தானே உக்காந்திருந்த, உனக்கு எப்படித் தெரியும்? இப்ப நீதான் உள்ள இருக்க. பார்த்துட்டு வந்து சொல்லு. ஆறு நிமிஷம்."

அந்த ஆறு நிமிஷமும் பாதங்கள் அசையவில்லை. அழுத்திக்கொண்டிருந்தவை மெல்ல விலகி இரண்டு பக்கமும் சாய்ந்தன, தூங்குகிறவர்களுடைய பாதங்கள் போல.

வெளியே வந்தபோது கூண்டின் தடம் கன்னத்தில் சிவப்பாக இருந்தது. உட்கார்ந்து கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எத்தனை தடவை மறுபடி எடுத்த?" என்று கேட்டாள்.

"எட்டு."

"அதுல எத்தனை என்னால, எத்தனை டாக்டர் கேட்டது?"

"சொல்லமாட்டேன். நாளைக்கு அவர்கிட்டயே கேளு."

"வேணும்னேதானே சிரிக்க வச்ச?"

"எனக்கு அவ்வளவு அறிவு இருந்தா நான் ஏன் இந்தக் குழிக்குள்ள உக்காந்திருக்கேன்?" என்றாள் ரேடியோ. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், நெடுநேரம் துடைத்தாள். "ஆமா, உள்ள என்ன இருந்துச்சு?"

அக்கா யோசித்தாள். "இருட்டா இருந்துச்சு. கொஞ்சம் ஈரம். ஆறான்னு தெரியலை."

வெள்ளிக்கிழமை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கேட்கும் நரம்பின் மேல் ஒரு பயறு அளவுக்கு வெள்ளையாக ஏதோ இருந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை. உடனே கத்தி வைத்தால் மீதியிருக்கும் காதும் போகலாம். மிச்சக் காது இறங்காமலிருக்க மாத்திரை தருகிறேன், ஆறு மாதம் பார்ப்போம், வளரவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம், அப்படியே போகும் என்றார். போன காது போனதுதான். அத்தானின் கால் தரையில் ஒரு தடவை அழுத்தி, விட்டது.

"அப்படியேன்னா எவ்வளவு நாள்?" என்று அக்கா கேட்டாள்.

"வருஷக்கணக்கா."

அவள் தலையசைத்தாள். இனி அவளும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர்களில் ஒருத்தி. மாடியிலிருந்து இறங்கும்போது லிஃப்டைப் பார்த்தாள், படியில் இறங்கினாள். கீழே முன்பதிவு மேஜையில் இருந்த பெண் கணினியைத் தட்டி, "ஆறு மாசம் கழிச்சுத்தானே, நம்ம ஆளுங்களுக்கு எப்ப வேணும்னாலும் தரலாம்க்கா. இன்சார்ஜ் இருக்கற நாள்ல போடவா? அரை மணி நேரம்?" என்றாள்.

"ரேடியோ இருக்கற நாளாப் பாரு. ஒன்றரை மணி நேரம் எழுது. அவ பேசுவா."