ஒட்டிக்கொண்ட தட்டு

மலாயா சுதந்திரம் வாங்கிச் சில வருடம் கழித்துப் பிறந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் சீவப் போகாத முதல் பெண். மலாக்காவில், பத்து பெரெண்டாம் என்ற இடத்தில், கணினிக்கான ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஏழு வருடம், பழுதாகித் திரும்பி வரும் டிஸ்க்குகளைத் திறந்து, எதனால் கெட்டது என்று பார்க்கும் பிரிவு. அறிக்கையில் கையெழுத்துப் போட்டது எஞ்சினியர்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துச் சொன்னது நாங்கள்.

அப்போது காஜா பெராங்கில் குடியிருந்தோம். இரண்டு வீடு தள்ளி ஒரு மலாக்காச் செட்டி அம்மா இருந்தார். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிய தமிழர் வம்சம், ஆனால் வீட்டுப் பேச்சு மலாய். ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுடைய மலாயில் அவர் பேச, எனக்குத் தெரிந்த மலாயில் நான் பதில் சொல்வேன். அவருடைய கணவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கணினி வாங்கி, சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய கல்யாணப் படங்களை வாங்கி வந்து, யார் யாருக்குப் பிள்ளை, யார் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டார்கள் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைத்தார். அவர் தவறியதும் கணினியைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். நாலு வருடம் யாரும் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஆண்ட்டி வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"முன்னோர் படையலுக்கு அவர் சேர்த்த படங்களை எடுக்கலாம்னு பார்த்தேன். கடைக்காரன் செத்துப்போச்சுங்கிறான். நீ அந்த ஃபேக்டரியிலதானே இருக்கே?"

அவரோடு கடைக்குப் போனேன். சின்ன வயசுச் சீனர். மேசைமேல் கிடந்த டிஸ்க்கைக் காட்டி, "சுடா மாத்தி, செத்துப்போச்சு அக்கா. புதுசு போடுங்க," என்றார்.

"ஒரு தடவை கரண்ட் கொடுங்க."

கொடுத்தார். காதைப் பக்கத்தில் வைத்தேன். ம்ம் என்று ஒரு முனகல், பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னேன். அதே முனகல். டக் டக் என்று அடித்திருந்தால் நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். உள்ளே சுற்றும் தட்டு கீறியிருக்கும். இது கீறல் இல்லை. அந்தக் காலத்து டிஸ்க்கில், கரண்டை நிறுத்தியதும் படிக்கும் முனை தட்டின்மேலேயே இறங்கி உட்காரும். தட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. வருடக்கணக்கில் ஓடாமல், நம் ஊர் ஈரக் காற்றில் கிடந்தால், முனை அதில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் சுற்றப் பார்க்கும், முடியாமல் முனகும். மைக்ரோஸ்கோப்பில் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"உங்க புது டிஸ்க் ஒன்னு பக்கத்துல மாட்டி வைங்க. இது சுத்த ஆரம்பிச்ச உடனே எல்லாத்தையும் காப்பி எடுக்கணும். நடுவுல அணைக்கக் கூடாது."

அவர் சிரித்துக்கொண்டே மாட்டினார். நான் டிஸ்க்கை உள்ளங்கையில் படுக்கையாகப் பிடித்து, பூட்டில் சாவி திருப்புவதுபோல் மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினேன். பலமாகப் போனால் முனை பிய்ந்து வந்துவிடும். கொஞ்சமாகப் போனால் அசையாது. முதல் தடவை நடக்கவில்லை. ஆண்ட்டி முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை திருப்பிவிட்டு, "கரண்ட் கொடுங்க," என்றேன்.

ஊய்ங் என்று சத்தம் ஏறியது.

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு விசைப்பலகைக்குத் தாவினார். காப்பி முடிய மதியமாயிற்று. பதினொரு படங்கள் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. நடுவில் திரையில் ஒரு கல்யாணப் படம் விரிந்தது. ஆண்ட்டி திரையைத் தொட்டு, "இது என் மாமியார்," என்றார்.

"அக்கா எந்த காலேஜ்ல படிச்சீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"படிக்கலை. பத்து பெரெண்டாம்ல புரொடக்‌ஷன் ஆப்பரேட்டர்."

அந்த வார்த்தையை அதுவரை நான் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் தன் நாற்காலியை எனக்குத் தள்ளிப் போட்டார்.

படையல் அன்று ஆண்ட்டி என்னைச் சொந்தக்காரர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். சுவரில் புதிதாகச் சட்டம் போட்ட படங்கள். எப்படி எடுத்தாய் என்று எல்லோரும் கேட்க, எண்ணெய், ஈரம், முனை, மணிக்கட்டு என்று என் உடைந்த மலாயில் ஒவ்வொன்றாக விளக்கினேன். இலையில் சோறு ஆறிப்போயிற்று. ஒருவரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை.