ராசாளிக்கும் பீரங்கிக்கும் ஒரே பெயர்

"கெடைச்சிருச்சு கண்ணு, ஃபால்கன்" என்று என் கணவர் குஜராத்திலிருந்து போனில் சொன்னபோது, நான் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறைமேல் நின்றிருந்தேன். வளப்பூர் நாடு என்னும் மலைப்பகுதியிலிருக்கும் எங்கள் ஊரில் அங்கே ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். சின்னப் பிள்ளையைப் போல அவருக்கு மூச்சு வாங்கியது.

மிளகுக் கொடியெல்லாம் வாடல் நோயில் பட்டுப்போகவே அவர் போர்வெல் வண்டி வேலைக்குப் போனார். நான் இங்கே ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. பஸ்ஸில் வரும் ஆங்கிலப் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுப் பார்ப்பேன்; விடை தெரியாததைச் சாயங்காலம் அவரிடம் கேட்பேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பேச்சு வளர வேண்டுமே என்றுதான் கேட்பது.

அப்படி ஒருநாள் கேட்டேன்: வேட்டையாடும் பறவை, பழைய பீரங்கிக்கும் அதே பெயர், ஆங்கிலத்தில் ஆறு எழுத்து.

"ராசாளிக்கும் பீரங்கிக்கும் ஒரே பேரா? எவன் வெச்சான் புள்ள?" என்று சிரித்தார்.

மறுநாள் பேப்பரிலேயே விடை வந்துவிட்டது. அவரோ அதை மறக்கவில்லை. வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கடலோரக் கோட்டை ஒன்றைப் பார்க்கப் போனவர், அங்கே கிடந்த சிறிய பீரங்கியின் பெயரைக் காவலாளியிடம் அரைகுறை இந்தியில் விசாரித்திருக்கிறார். "நம்மூட்டு ஏர்க்கலப்பை நீளந்தான் இருக்குது. இதுக்கா ராசாளி பேருங்கறேன், ஆமாங்கறான்." எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல மனம் வரவில்லை. "நீங்க சொல்லித்தானுங்க தெரியுது" என்றேன்.

பிறகு போனில் அவர் "என்ன, என்ன" என்று கேட்பது அதிகமானது. சிக்னல் கோளாறு என்றே நினைத்தேன். ஆடி மாதம் ஊருக்கு வந்தவர், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, "மழை வருமாட்ட இருக்குது" என்றார். வருடக்கணக்காகப் போர்வெல் வண்டியின் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று காது போயிருந்தது. சேலத்து டாக்டர் கொடுத்த காது மிஷினை மாட்டினால் எல்லாமே போர்வெல் ரிக் சத்தமாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அதன்பின் அவர் வடக்கே போகவில்லை. பேச்சும் குறைந்துபோனது. தூரத்தில் இருந்தபோது வாயோயாமல் பேசியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அந்தப் பேச்சுக்கு நான் ஏங்குகிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் புதுக் கொடிகளில் மிளகு பறித்தோம். அவர் ஏணிமேல் இருந்தார். கீழே நின்ற நான் பள்ளிக்கூடத்துக் கதை, தங்கச்சியோடு போட்ட சண்டை என்று என்னையறியாமல் பேசிக்கொண்டே போனேன். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், அவர் இல்லாத வருடங்களில் நான் அழுததையும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அவர் இறங்கி வந்து எதிரில் நிற்கிறார்.

"என்ன புள்ள சொன்ன?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்.

"எம் மூஞ்சியப் பாத்து மெதுவாச் சொல்லு கண்ணு. எனக்கென்ன அவசரம்."

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.