கீழே ஒரு சாதா லிங்க்

வேதமாணிக்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவனுடைய சாயாக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். எந்த வெப்சைட் செய்து முடித்தாலும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் ஊரிலேயே மோசமான பிரவுசிங் சென்டராகப் பார்த்துப் போவான். பக்கத்தைத் திறக்கவிட்டு, வெளியே வந்து ஒரு சாயா வாங்குவான். சாயா தீர்வதற்குள் பக்கம் திறந்திருந்தால் சரி. இல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து, இது சரியாகாது சேச்சி என்று நிற்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இது 2001-இல். புளிமூட்டில் இரண்டாம் மாடி, ஆறே பேர் உள்ள ஆபீஸ். நான் ராஜஸ்ரீ, கரமனை அக்ரஹாரத்துப் பெண். டிசைன் முழுக்க என் பொறுப்பு, வாயும் கொஞ்சம் நீளம். வேதம் போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். அப்பா இல்லை. அம்மா எலிசாள் கொழுந்து கிள்ளித்தான் அவனை டிப்ளமோ வரை படிக்க வைத்தாள். தங்கை ரெனி அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். நான் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான், அந்த ஒன்று சரியாக இருந்து தொலைக்கும். அதுதான் எனக்கு ஆகாது.

அப்போது ஒரு தனியார் நர்சிங் பள்ளியின் வேலை வந்தது. விண்ணப்பமெல்லாம் நெட்டில்தான், பேப்பரே கூடாது என்று பள்ளி மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். யாரோ கொடுத்த நன்கொடையில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருஷம் மட்டும் இரண்டு இலவச இடம். ரெனிக்கு அதில் ஒன்று கிடைத்தால்தான் நர்ஸ் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை. இது எனக்குத் தெரியாது. தங்கைக்காகப் பேசுகிறான் என்று பேச்சு வந்துவிடக் கூடாதென்று வேதம் வாயே திறக்கவில்லை, அசடு. தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை.

அவன் சாதா ஃபாரம் போதும் என்றான். ஏதாவது நிரப்ப விட்டுப்போனால் எடுத்துச்சொல்ல மட்டும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். அது ஓடாத கம்ப்யூட்டரிலும் ஃபாரம் போய்ச் சேர்ந்துவிடும். பார்த்தால் ரேஷன் கார்டு ஃபாரம் மாதிரி இருக்கிறது என்று நான் எல்லாருக்கும் முன்னால் கேலி பண்ணினேன். எனக்கு முழுக்க பிளாஷில், படமெல்லாம் அசைகிற மாதிரி வேண்டும். விளக்கு எரியணும், கேள்விகள் ஒவ்வொன்றாக மிதந்து வரணும். நினைத்தபடியே செய்தும் முடித்தேன். அவன் அதையும் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோனான். இரண்டு சாயா குடித்தும் திறக்கவில்லையாம். பழைய கம்ப்யூட்டரில் பிளாஷை ஓட்டும் பிளக்-இன்னே கிடையாது, வெறும் வெள்ளைப் பெட்டிதான் தெரிகிறதாம். பிளக்-இன்னை இறக்கிக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு என்று கத்தினேன். கடைசியில், முதல் பக்கத்தில் கீழே, சாதா ஃபாரத்துக்குப் போக ஒரு லிங்க் மட்டும் போடச் சொன்னான். சரியென்றேன். அவனே செய்தும் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

மேனேஜர் வந்து பார்த்தார். எங்கள் ஆபீஸில், எங்கள் நல்ல நெட் லைனில். விளக்கு எரிந்ததும் மனுஷன் கை தட்டினார். அப்புறம் கீழே இருந்த வரியைக் காட்டி, அழகான முகத்தில் பிளாஸ்திரி ஒட்டினாற்போல் இதென்ன என்றார். எடுத்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. வேதத்திடம் சொல்ல மறந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவெல்லாம் இல்லை. மறுபடியும் வந்து முன்னால் நிற்பானே என்றுதான் சொல்லவில்லை.

விண்ணப்பங்கள் வந்து சேரும் ஆபீஸிலிருந்தே தங்கைக்குப் போடக் கூடாதென்று, ரெனியை மலைக்குக் கீழே விதுரா பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் போடச் சொல்லியிருக்கிறான். படம் வராவிட்டால் விட்டுவிடு, கீழே லிங்க் இருக்கும், அதை அமுக்கு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். மழையில் மூன்று நாள் மலைக்கு பஸ் ஏறவில்லை. கடைசி நாள் காலை பஸ்ஸில்தான் அவளால் இறங்க முடிந்தது. மத்தியான பஸ்ஸை விட்டால் லயத்துக்குத் திரும்ப வழியில்லை.

அன்றைக்கு வேதத்தை ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடைக்குப் போட்டோ எடுக்க அனுப்பியிருந்தேன். ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. வேறொரு கஸ்டமர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"வேதமாணிக்கம் அண்ணன் உண்டோ?"

"வெளியில போயிருக்கான். நாளைக்குக் கூப்பிடு."

"ஒரு காரியம்... இன்னைக்கே..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். நான் வைத்துவிட்டேன். அவன் திரும்பி வந்ததும் சொல்லவுமில்லை.

மறுநாள் பூத்திலிருந்து அவனுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என் மேசைக்கு வந்து நின்றான்.

"சேச்சி, அந்த லிங்க் எங்க?"

"மேனேஜருக்குப் பிடிக்கலை. எடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தங்கச்சி ரெண்டு மணிக்கூர் அந்த வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கா."

அப்போதுதான் எல்லாம் சொன்னான். மேனேஜரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். கடைசித் தேதி என்றால் கடைசித் தேதிதான் என்றார். அந்த இரண்டு இலவச இடத்துக்குத் தோட்டத்திலிருந்து ஒரு விண்ணப்பம்கூட வரவில்லையாம். பொது லிஸ்டில் கொடுத்தாயிற்று என்றார். ரெனி மட்டும் போட்டிருந்தால் இடம் அவளுக்குத்தான்.

லிங்கைத் திரும்பப் போட்டேன். யாருக்கு என்ன பிரயோஜனம்? வேதம் இன்னும் மூன்று மாசம் எங்களோடு வேலை செய்தான். முகம் சுளிக்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அப்புறம் சென்னைக்குப் போய்விட்டான். ரெனி திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். போன் எடுத்தது நான்தான் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை.

அவன் போன பிறகு ஒரு நாள் சர்வரில் பழைய ஃபைல்களை அழித்துக்கொண்டிருந்தேன். யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்கிற லாக் அகப்பட்டது. அந்தக் கடைசி நாளைத் தேடிப் பார்த்தேன். பத்து ஐம்பதிலிருந்து ஒரே இடத்திலிருந்து முதல் பக்கத்தைப் பதினோரு தடவை திறந்திருக்கிறார்கள். ஃபாரம் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை ஒன்று இருபதுக்கு. நான் போனை வைத்த பிறகு, அந்தக் குழந்தை திரும்பப் போய் உட்கார்ந்து, லிங்க் வந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்திருக்கிறது.