டெஸ்டிங் கோமளாவும் கண்ணாடிப் பம்பும்

கணபதியில் இருந்த அந்த மோட்டார் பம்பு கம்பெனியில், கோமளாவின் மஞ்சள் சாக்பீஸ் டிக் விழாமல் எந்தப் பம்பும் லாரி ஏறாது. பம்பைத் தொட்டிமேல் மாட்டி சுவிட்சைப் போட்டதும் மற்றவர்கள் பிரஷர் கேஜைப் பார்ப்பார்கள். கோமளா காதைச் சாய்ப்பாள். "காத்து வாங்குதுங்க" என்று அவள் சொல்லிவிட்டால் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். உள்ளே எங்கோ ஒரு கேஸ்கட் மயிரிழை விலகியிருக்கும். ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேர்ந்தவள், பத்து வருஷ சர்வீஸ், அந்த செக்‌ஷனில் ஒரே பெண். ஃபோர்மேன் அங்கப்பன் லேசில் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை. அவரே ஒருமுறை முதலாளியிடம், "அந்தம்மணி பாத்துட்டா நாம பாக்க வேண்டியதில்லைங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அன்னூர், பல்லடம் பக்கத்து விவசாயிகள் அவ்வப்போது பம்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். புதுப் பம்பு, சொட்டுத் தண்ணீர் எடுக்கவில்லை என்பார்கள். கோமளாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சுவிட்சப் போடறதுக்கு முன்னால தண்ணி ஊத்திக் காத்த வெளியேத்துனீங்களா?"

வந்தவர் தலையைச் சொறிவார்.

"வெறும் வயித்தோட ஓடச் சொன்னா அது என்னங்க பண்ணும், பாவம்!"

இப்படி ஊருக்கே பாடம் எடுத்த மகராசி, தன் சொந்த விஷயத்தில் அதே தப்பைச் செய்துவிட்டு நின்றாள். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் நடந்தது அது.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள் ஹர்ஷிணி. பிறக்கும்போது இரண்டு கிலோகூட முழுசாக இல்லை. கோமளாவுக்கு அம்மா இல்லை. மாமியார் பெரிய மகன் வீட்டில் படுத்த படுக்கை. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த கணவன் சென்னகேசவன், மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து நிரந்தரமாக ராத்திரி ஷிப்ட் வாங்கிக்கொண்டு வந்தான். அவள் வேலைக்குத் திரும்பியதும், காலை ஏழரைக்கு அவன் வீடு வருவான், எட்டு மணிக்கு அவள் பஸ் ஏறுவாள். பகலில் பிள்ளை தூங்கும்போது அவனும் தூங்குவான். சரவணம்பட்டியில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஆம்பளை உட்கார்ந்து பிள்ளை வளர்க்கிறானாம்! சிரிக்கட்டும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

கணக்கில் ஒன்றுதான் இடித்தது. பால். பழகட்டும் என்று டின் பால் கொடுத்துப் பார்த்ததில், பிள்ளைக்கு மூன்று நாள் வயிற்றோட்டம் நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வேறு எதுவும் வேண்டாம், வேலைக்குப் போவதானால் தாய்ப்பாலையே எடுத்து வைத்துவிட்டுப் போ என்றார். பத்து மணி நேரம் அவள் வெளியே இருப்பாள். எப்படியும் மூன்று டம்ளர் வேண்டும். பிரசவ லீவு முடிய இன்னும் ஐந்து நாள். நீட்டிக் கேட்டால் டெஸ்டிங்குக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. வேலையை விட அவளுக்கு மனசில்லை. பிள்ளையை வாடவிடவும் மனசில்லை.

புதன்கிழமை சென்னகேசவன் காந்திபுரத்து மெடிக்கல் ஷாப்பிலிருந்து தாய்ப்பால் எடுக்கும் கைப்பம்பு ஒன்றை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்தான். உள்ளே கண்ணாடியில் ஒரு புனல், அதன் வயிற்றில் பால் தேங்க ஒரு குழிவு, பின்னால் சிவப்பு ரப்பர் குமிழ். பழைய லாரி ஹாரனைப் போல இருந்தது. கோமளா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொழில்காரி கண்ணல்லவா?

"இதென்னங்க, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குது. இதுல என்ன இழுவை இருக்கும்?"

"கடைக்காரர் இதத்தான் எல்லாரும் வாங்கறாங்கன்னார், அம்மணி."

கண்ணாடியையும் ரப்பரையும் தனித்தனியாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். குமிழை அமுக்கினாள், விட்டாள். அரை மணி நேரத்தில் இரண்டு ஸ்பூன் பால் வந்தது. கையும் தோளும் கடுத்ததுதான் மிச்சம். இழுவை போதவில்லை என்று அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் வாசரைத் திருப்பிப் போட்டால் அது காற்றை ஊதாது, உறிஞ்சும். கோயமுத்தூரில் ஒர்க்‌ஷாப் வாசனை பட்ட எல்லோருக்கும் இது தெரியும். வேறு எந்த ஊர்ப் பெண்ணுக்கும் அந்த நேரத்தில் இந்த யோசனை வந்திருக்காது. வியாழக்கிழமை காலை கோமளா புருஷனின் சைக்கிள் பம்பைப் பிரித்தாள், வாசரைத் திருப்பினாள், ரப்பர் குமிழைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் பம்பின் டியூபைச் செருகினாள். காற்று கசியாமல் இருக்க நூல் சுற்றினாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

"கோமளா, இது வேண்டாம்" என்றான் சென்னகேசவன்.

"நீங்க பேசாம புள்ளையப் புடிங்க."

கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுத்தாள். அலறலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ரம்லா அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள். வலது மார்பின் காம்பு வெடித்து ரத்தம் கண்ணாடிக்குள் சொட்டியிருந்தது. பால் ஒரு துளி இல்லை.

ரம்லாவின் கணவருக்கு உக்கடத்தில் இரும்புக் கடை. அந்த வரிசையிலேயே போனும் ஃபிரிஜ்ஜும் இருந்த வீடு அவளுடையதுதான். இரண்டு பிள்ளை பெற்றவள், கோமளாவின் வயதுதான் இருக்கும். கண்ணாடியையும் சைக்கிள் பம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

"ஏனுங்க்கா, இது என்ன போர்வெல்லுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கோமளா அழுதாள். வலியில் பாதி, அவமானத்தில் பாதி. பத்து வருஷம் பம்பைக் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு ஒரு டம்ளர் பால் எடுக்கத் துப்பில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது என்று அங்கப்பனுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆடிக் காற்று ஓட்டைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. கோமளா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்கு இடது பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். காயம் ஆற வலது பக்கத்துக்கு ஓய்வு. பிள்ளை முதலில் சின்னச் சின்னதாக, வேகவேகமாகச் சப்பியது. ஒரு நிமிஷம் போலச் சப்பிவிட்டு, பிறகு நிதானமாக, ஒரு இழுப்புக்கு ஒரு விழுங்கு என்று குடிக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து வலது பக்கம் ரவிக்கை நனைந்தது. ஈரம் பரவி மடியில் சொட்டியது.

கோமளா குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கத்தை யாரும் இழுக்கவில்லை. பிள்ளை வாய்கூட வைக்கவில்லை. தானாக வருகிறது.

பிள்ளை முதலில் கொடுத்த அந்த வேகவேகமான சப்பல் பால் குடிக்க இல்லை, பாலைக் கூப்பிட. கூப்பிட்டால் வருகிறது. கூப்பிடாமல் இழுத்தால் ரத்தம்தான் வரும்.

"நானெல்லாம் ஒரு டெஸ்டிங்காரி!" என்று சத்தமாகவே தலையில் அடித்துக்கொண்டாள். சென்னகேசவன் மிரண்டு எழுந்து வந்தான்.

"ஏனுங்க, பல்லடத்துக்காரங்களத் திட்டறனே, தண்ணி ஊத்தாம சுவிட்சப் போட்டுட்டாங்கன்னு. நானும் அதையேதான் செஞ்சுபோட்டேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகம் தெளிந்திருப்பது தெரிந்தது. அது போதும் அவனுக்கு. சைக்கிள் பம்பில் வாசரைப் பழையபடி மாட்டி வெளியே வைத்தான்.

மறுநாளிலிருந்து முறையே மாறிவிட்டது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் ஒத்தி எடுப்பாள். விரல் நுனியால் மேலிருந்து காம்பு வரைக்கும் மெதுவாக நீவிவிடுவாள். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி. கழுவிய கை. ஒரு பக்கம் பிள்ளை, மறுபக்கம் கண்ணாடி. குமிழை முதலில் பாதி மட்டும் அமுக்கிக்கொண்டு, காம்பு புனலின் நட்டநடுவில், ஓரத்தில் உரசாமல் இருக்கும்படி வைத்து, மெல்லக் கையைத் தளர்த்துவாள். தொடக்கத்தில் குட்டிக் குட்டி அமுக்கல்கள். பால் இறங்கியதும் நிதானம். வலித்தால் உடனே நிறுத்திவிடுவாள். வலித்தால் எங்கோ தப்பு, பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமில்லை என்று அவளுக்கு இப்போது தெரியும். காயத்தில் தன் பாலையே தடவிக் காற்றாட விட்டாள்.

சனிக்கிழமை ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில்தான் பால் அதிகம் என்று கண்டுபிடித்து, பொழுது சாய்வதற்குள் மூன்று. மூடி போட்டு, கண் படக் கூடாதென்று மேலே கறுப்புத் துணி சுற்றி, ரம்லாவின் ஃபிரிஜ்ஜில் வைத்தாள். தேவைப்படும்போது எடுத்து, டம்ளரைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, ஜில்லென்பது போனதும் மூக்கு வைத்த பாலாடைச் சங்கில் புகட்ட வேண்டும். அடுப்பில் வைக்கவே கூடாது. சென்னகேசவனை மூன்று முறை சொல்ல வைத்துக் கேட்டாள். அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறும்போது கோமளாவின் பையில் கண்ணாடிப் பம்பும் ரம்லாவின் ஃபிரிஜ்ஜில் குளிரவைத்த ஒரு ஃபிளாஸ்க்கும் இருந்தன. அங்கப்பனிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தவள், கடைசியில், "மத்தியானம் கதவு சாத்தற மாதிரி ஒரு ரூம் வேணுங்க" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. காப்பர் கம்பிச் சுருள் வைக்கும் ஸ்டோர் ரூம் சாவியை மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டில் அவருக்கும் மூன்று பெண்கள்.

மத்தியானம் ஒரு மணிக்கு மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நீவினாள், குமிழை அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. வெளியே ஆறு பம்புகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கதவை யாராவது தட்டிவிடுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தட்டியும் விட்டார்கள்.

"அம்மணி, உங்க ஊட்டுல இருந்து போனு" என்றது அங்கப்பனின் குரல்.

ஓடினாள். ஃபோர்மேன் கேபின் போனில், ரம்லா வீட்டிலிருந்து சென்னகேசவன் பேசினான். பின்னால் ஹர்ஷிணி வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"கோமளா, பத்து மணிக்குப் பாதி குடிச்சா. இப்ப ஒரு வாய் இறங்க மாட்டீங்குது. துப்பித் துப்பி அழுவறா. அரை மணி நேரமாச்சு." அவன் குரலும் உடைந்திருந்தது.

வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். இன்றைக்குப் போனால் நாளைக்கும் போக வேண்டும். நாளைக்கும் போனால் அதோடு முடிந்தது.

"போனப் புள்ளை காதுல வைங்க" என்றாள். "ரம்லாவப் புடிச்சுக்கச் சொல்லிட்டு, நீங்க பாலாடைய எடுங்க."

பம்புச் சத்தத்தில் எதிர்முனை சரியாகக் கேட்கவில்லை. அவள் ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அங்கப்பன் அதைப் பார்த்தார். கேபினுக்கு வெளியே தலையை நீட்டி, "டேய், எல்லாத்தையும் நிறுத்துங்கடா" என்று ஒரு சத்தம் போட்டார். ஆறு பம்பும் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த ஷெட் வேலை நேரத்தில் அப்படி அமைதியாகி யாரும் பார்த்ததில்லை.

கோமளா வீட்டுப் பேச்சில், தெலுங்கில், என் தங்கமே, குடி தாயே என்று கொஞ்ச ஆரம்பித்தாள். "பங்காரு... நா பங்காரு... தாகு தல்லி, தாகு..." ஃபோர்மேன் முன்னால், திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் இருபது ஆண்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொஞ்சினாள்.

அழுகை விக்கலாகியது. விக்கல் நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை. கோமளா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைச் சாய்த்தாள். ரொம்பச் சின்னதாக ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு ஒரே சீராக, ஒன்றன் பின் ஒன்றாக. பிள்ளை விழுங்கும் சத்தம்.

"குடிக்கறா" என்றாள் கோமளா, யாரும் சொல்வதற்கு முன்னாலேயே. "காத்து வாங்கல, நல்லாக் குடிக்கறா."

சொல்லி முடிக்கும் முன் மார்பில் சுரீரென்று பால் இறங்கியது. ரவிக்கை நனைந்து, முந்தானை நனைந்தது. அங்கப்பன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோமளா போனை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். கண்ணாடி வயிறு இரண்டு முறை நிரம்பி வழிந்தது, பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றி ஊற்றி எடுத்தாள். அவள் கதவைத் திறந்து வெளியே வரும்வரை ஷெட்டில் ஒரு பம்புகூட ஓடவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். பாயில் சென்னகேசவன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் பால் கறை, தலை பரட்டை. அவன் நெஞ்சின்மேல் ஹர்ஷிணி குப்புறப்படுத்துத் தூங்கினாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அவன் மில்லுக்குக் கிளம்ப வேண்டும். சுவரோரம் மூன்று டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

கோமளா சத்தமில்லாமல் பையைக் கீழே வைத்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் சாக்பீஸை எடுத்து, குனிந்து, அவன் தூக்கம் கலையாமல், முழங்கையில் ஒரு டிக் போட்டாள்.