நாலு விரல் இறங்கிய கார்

என் பேரன் புதிதாக ஒரு கார் வாங்கினான். வாங்கின மறுமாதமே ஸ்பிரிங்கை மாற்றிக் குட்டையாக்கிவிட்டான். இப்போது அது தவளை மாதிரி தரையோடு பதுங்கிப் போகிறது. அதில் ஏறுவதற்கு என் வயசில் முதலில் உட்காரவேண்டும், பிறகு உருளவேண்டும். போன வாரம் முன்டயரின் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டது என்று நாகர்கோவிலில் ஒரு பட்டறைக்குப் போனான். என்னையும் உருட்டிக்கொண்டு போனான்.

பட்டறைக்காரர் சக்கரங்களில் எதையோ மாட்டி, டிவிப் பெட்டியில் கோடுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "காரத் தாழ்த்தினா சக்கரத்துக்க நேர்கோடு மாறிப்போவும் பாட்டா. இதெல்லாம் ஒங்க காலத்துல கெடையாது."

தேய்ந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறி என்னை ஒரு பண்ணையார் வீட்டுக் காரில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், மீசை அரும்பிய வயசில், நான் அந்தக் காருக்கு டிரைவர். எழுத்து தெரியாது. ஆனால் காக்கிச் சட்டை போட்டிருந்ததால் எல்லாம் தெரியும் என்று நானும் நம்பினேன், ஊரும் நம்பியது. மேலே இரும்புக் கூரை போட்ட உயரமான பெட்டிக் கார் அது.

பண்ணையாரின் தங்கை மகனுக்குச் சுசீந்திரம் பக்கத்தில் பெண் எடுத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பெண்வீட்டு முற்றத்தில் மச்சினன் கால் கழுவிவிடும்வரை மாப்பிள்ளை மண்ணை மிதிக்கக் கூடாது. முன்பெல்லாம் பல்லக்கு. கார் வந்த பெருமையில் பண்ணையார் பல்லக்கை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆகவே கார் முற்றம்வரை போகவேண்டும். பெண்வீட்டு வாசலிலோ படிப்புரை, அதாவது ஓடு வேய்ந்த நுழைவு மண்டபம், அதன் குறுக்கே தலைக்குமேல் ஒரு பெரிய உத்தரம்.

"ஏலே, வண்டி உள்ள போவுமா?" என்று பண்ணையார் கேட்டார்.

நான் போய்ப் பார்த்து வந்தேன். கார்க்கூரை என் நெற்றிப்பொட்டு உயரம். படிப்புரைக்குள் நான் தலை இடிக்காமல் நடந்தேன். "தாராளமா போவும்" என்றேன். நம்மூரில் பெரிய வீட்டுப் படிப்புரைக்குள் நுழையும்போது எல்லோர் தலையும் தானாகக் குனிந்துவிடும் என்பதையும், என் தலையும் அந்த ஊர்த் தலைதான் என்பதையும் நான் மறந்துபோனேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பெண்வீட்டுக்குக் காரில் வாழைக்குலை கொண்டுபோய்ப் படிப்புரையில் நுழையும்போது, "நில்லும் வேய்" என்று ஒருவர் அலறினார். பிரேக்கைப் போட்டு இறங்கிப் பார்த்தேன். கூரை உத்தரத்தைவிட நாலு விரல் உயரம். கீழே ஒற்றைக் கல் பாளம், தோண்ட வழியில்லை. டயரில் காற்றை இறக்கினால் ஒரு விரல்கூடத் தேறாது.

பெண்ணின் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "உத்தரத்துல கைவைக்க விடமாட்டேன். ஒங்க பண்ணையாருகிட்ட சொல்லும், மாப்பிள்ளைய கடவத்துல வச்சி எடுத்துட்டு வரட்டும்" என்றார். கடவம் என்றால் சாணியும் மண்ணும் சுமக்கிற ஓலைக்கூடை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் போய்ச் சொன்னபோது பண்ணையார் சிரிக்கவில்லை. "வண்டி முத்தத்துல நிக்கணும். இல்லேன்னா சாவிய வச்சிட்டு நீ மாடு மேய்க்கப் போலாம்." மாடுகளுக்கும் என்னைப் பிடிக்காது. அதனால் காரை நேரே கருங்கல் என்ற ஊருக்கு விட்டேன், செல்லக்கண் ஆசாரியின் கொல்லுப்பட்டறைக்கு.

ஸ்பிரிங் என்றால் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள்தான், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் மூன்று பட்டையை உருவினோம். மிச்சத்தை ஆசாரி காய்ச்சித் தட்டி வளைவைக் குறைத்தார். முன் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே பக்கத்துக்கு ஓர் இரும்பு ஆப்பு இருந்தது. "இது எதுக்கு சும்மா?" என்று அதையும் பிடுங்கி எறிந்தேன். சரியாக நாலு விரல் இறங்கியது. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ரோட்டில் இறங்கியதும் கார் குடித்தவன் மாதிரி நடந்தது. நான் நேரே பிடித்தால் அது குளத்தைப் பார்த்தது. திருப்பினால் திரும்பியபடியே நின்றது, தானாக நேராகவில்லை. ஓர் எருமை மட்டும் என்னைப் புரிந்துகொண்டு ஒதுங்கியது. படிப்புரையில் இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடம். இந்த நடைக்குக் கூரை தப்பினாலும் சுவர் தப்பாது.

திரும்பி வந்து ஆசாரியிடம் சொன்னேன். அவர் வாசலில் நின்ற சைக்கிளையே வெகுநேரம் பார்த்தார். "முன்கம்பி ஏன் சாஞ்சிருக்கு? சாஞ்சிருக்கதுனாலதான் கைய விட்டாலும் நேரா போவுது. நீரு தூர எறிஞ்ச ஆப்புதான் அச்சைச் சாய்ச்சி வச்சிருந்தது வேய்."

ஆப்பைத் தேடினால் காணோம். ஆசாரியின் மனைவி துருத்தியை விடாமலே, "அம்மி ஆடிச்சி, அடியில வச்சேன். இப்ப ஆடல்ல, எடுத்தா ஒமக்குச் சோறு கெடையாது" என்றாள். சோற்றைத் தியாகம் செய்து ஆப்பைப் பெயர்த்தோம். பிறகு பார்த்தால், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தடி கார் இறங்கினதில் சாய்ந்து சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் முனையைத் திருகித் திருகி நீளத்தைச் சரிசெய்தோம். முன்சக்கரங்களுக்கு நடுவே, முன்னாலும் பின்னாலும், கயிறு பிடித்து அளந்து இடைவெளியைச் சமமாக்கினோம். கார் அம்பு மாதிரி போனது. ஆனால் ஆப்பு ஏறினதில் அரை விரல் உயர்ந்துவிட்டது.

"இனி என்ன செய்ய?" என்றார் ஆசாரி.

"தின்னு வளந்தவனுவள ஏத்துவோம்" என்றேன்.

கல்யாணக் காலையில் மாப்பிள்ளையோடு பண்ணையார், அவர் தம்பி, இரண்டு மைத்துனர்கள். ஐந்து பேரும் சாப்பாட்டில் குறை வைக்காதவர்கள். பட்டை குறைந்த ஸ்பிரிங் முனகிக்கொண்டு இறங்கியது. நாதஸ்வரம் நின்றது. ஊரே உத்தரத்தைப் பார்த்தது. நான் பைய, பைய விட்டேன். உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவே ஒரு வெற்றிலை நுழைகிற இடம். கார் முற்றத்தில் போய் நின்றது. மச்சினன் செம்போடு வந்தான். குலவை எழுந்தது. பண்ணையார் என் தோளில் ஓர் அடி கொடுத்தார். சந்தோஷத்தில்தான், ஆனால் இரண்டு நாள் வலித்தது.

அவர்கள் இறங்கினார்கள். கார் எழுந்தது. முற்றத்தில் கூடி நின்ற சனத்துக்கு இடம் வேண்டும், காரை வெளியே எடு என்றார்கள். அளந்து பார்த்தேன், அரை விரல் இடிக்கும்.

நான் நேரே பெண்ணின் அப்பாவிடம் போனேன். "ஏறுங்க. ஒங்க கனம் இல்லாம வண்டி வெளிய போவாது."

அவர் என்னைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், மீசையை ஒதுக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். கடவம் என்றபோது சிரித்தவர்கள் அத்தனை பேரும் பின்னால் முண்டியடித்தார்கள். வெளியே வந்த பிறகும் யாரும் இறங்கவில்லை. "மக்கா, அப்பிடியே கோயிலு வர ஒரு சுத்து விடு" என்றார் பெண்ணின் அப்பா.

அதற்குப் பிறகு சில வருஷம், நாஞ்சில் நாட்டில் கார் வாங்கினவர்கள் எல்லாம் என்னைக் கூப்பிட்டுப் படிப்புரையைக் காட்டினார்கள். நானும் ஆசாரியும் எத்தனையோ காரைத் தாழ்த்தினோம், அளந்தோம், நேராக்கினோம். பிறகு காரைத் தாழ்த்துவதைவிடப் படிப்புரையை இடிப்பது சுலபம் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொன்றாகப் போயிற்று. சுசீந்திரத்துப் படிப்புரையும் போயிற்று.

நான் ஓட்டின கார் அந்த உத்தரத்தில் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள் என்று சொல்லலாம். உத்தரம்தான் இல்லை.