பதாகை பிடித்த பிள்ளைகள்

அப்பாவின் திவசத்துக்கு உகண்டாவில் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கும் வழக்கத்தை ஒக்லாந்தில் எங்கள் ஆட்களிடையே தொடக்கிவைத்தவன் நான். கிளென்ஃபீல்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அந்த நாட்டு நர்ஸ் ஒருவர் இருக்கிறார். அவருடைய அத்தை, ஊரில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்துகிறார். அங்கே வழக்கமான சாப்பாடு சோளமாக் களியும் அவரையும். நாங்கள் காசு கொடுக்கும் நாட்களில் சோறு. ஆட்டிறைச்சி போடலாமா என்று அத்தை கேட்டார். திவசம், மரக்கறிதான் வேண்டும் என்று பதில் அனுப்பினோம். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் செய்தார்.

சாப்பாட்டு நாளில் படம் வரும். பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையாக நிற்பார்கள். இருவர் பதாகை பிடித்திருப்பார்கள். அதில் இறந்தவரின் படமும் பெயரும் ஊரும் தமிழில் இருக்கும். ஒருமுறை படம் இல்லாமல் எழுத்து மட்டும் அடித்திருந்ததால் தலைகீழாகப் பிடித்துவிட்டார்கள். திரும்ப எடுத்து அனுப்பச் சொன்னார் இங்குள்ள மகன். அதற்குள் சாப்பாடு முடிந்திருந்தது. வெறும் தட்டுகளோடு மறுபடி நின்றார்கள்.

ஊரில் பத்திரிகையில் இருந்தபோது படக்குறிப்பு எழுதுவது என் வேலை. எந்தப் படத்தையும் இடமிருந்து வலமாக, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் போகவில்லை.

போன தை மாதம் நர்ஸ் தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்தார். "இந்த முறை சாப்பாடு வேண்டாம். ஒரு பிள்ளையைப் படிப்பிக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கைபேசியில் அந்த இல்லத்துச் சிறுமி ஒருத்தியின் படத்தைக் காட்டினார். உயரமானவள், நீலச் சீருடை, முழங்கையில் கிழிந்து தைத்த இடம். ஆரம்பப் பள்ளி இறுதிப் பரீட்சையில் அந்தப் பக்கத்திலேயே முதலாவதாக வந்தவள். விடுதியோடு கூடிய இடைநிலைப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. நான்கு வருடம் ஃபீஸ் கட்ட வேண்டும். பெப்ரவரியில் பள்ளி திறக்கும்போது அந்த வருடத்துக் காசை முழுதாகக் கட்டிச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஒவ்வொரு வருடமும் கால் பங்கை நானும் மனைவியும் ஏற்றோம். நர்ஸ் இன்னொரு கால் பங்கு. மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும். மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் நடந்த பொங்கல் ஒன்றுகூடலில் சாப்பாட்டு மேசையருகே கதையை எடுத்தேன்.

"நாலு வருசமோ? அண்ணை, நாங்களே வீட்டு மோட்கேஜுக்குள்ள கிடந்து முழிக்கிறம்," என்றார் ஒருவர்.

"ஃபீஸ் கட்டினா என்ன படம் வரும்? பிள்ளை கணக்குச் செய்யிற படமோ? பேனரை எங்க பிடிக்கிறது?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னைக்காரப் பெண் ஒருவர், "சிரிக்காதீங்க, அவர் நல்லதுக்குத்தான பேசுறாரு," என்றார். பிறகு என்னிடம், "ஆனா பசிக்கிற குழந்தைக்குச் சோறு போட்டாத்தாங்க கண்ணுக்குத் தெரியுது," என்றார்.

கடைசியில் பிளாட் புஷ்ஷில் இருக்கும் நண்பர் மீதிப் பாதியையும் தானே பொறுப்பெடுப்பதாகச் சொன்னார். "அம்மா டீச்சர் எல்லோ. அவவுக்கு இது பிடிக்கும்," என்றார். அவருடைய தாய் இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. செய்தி போனதும் உகண்டாவில் அத்தை ஒரு தகரப் பெட்டியும் மெத்தையும் வாங்கினார். விடுதிக்கு இரண்டும் கட்டாயம்.

பள்ளி திறப்பதற்கு முதல்நாள் நண்பர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. கனடாவில அண்ணன்மாரோட கதைச்சனான். முதலாம் ஆண்டுத் திவசம், ஊருலகம் பாக்கும், சாப்பாடுதான் குடுக்க வேணும் எண்டு நிக்கினம். பெரிசாச் செய்வம் எண்டினம். அதே பிள்ளையளுக்குத்தானே போகுது."

அதே பிள்ளைகளுக்குத்தான் போகும். நான் அன்று மாலை இன்னும் சிலரை அழைத்துப் பார்த்தேன். விடுமுறைக்குப் போனவர்கள் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

மறுநாள் வேலையில் நர்ஸிடம் சொன்னேன். அவர் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தார், மடித்து முடித்தார். சாப்பாட்டுக்கு வரும் காசில் கொஞ்சத்தை ஃபீஸுக்கு எடுக்க முடியாதா என்று கேட்டேன்.

"அத்தை அப்படிச் செய்யமாட்டார். எதற்குக் கொடுத்தார்களோ அதற்குத்தான்," என்றார்.

பங்குனியில் நண்பர் வீட்டில் திவசச் சாப்பாடு. வரவேற்பறையில் பெரிய தொலைக்காட்சியில் உகண்டாப் படத்தைப் போட்டிருந்தார்கள். இதுவரை அனுப்பியதில் மிகப் பெரிய பதாகை. டீச்சரின் படம் நடுவில். இந்த முறை சோற்றோடு பாயசமும் கொடுத்திருந்தார்கள்.

"பாருங்கோ அண்ணை, எவ்வளவு சந்தோசமாச் சாப்பிடுதுகள்," என்றார் நண்பர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளையின்ர விசயம் என்ன மாதிரி? ஆரும் கிடைச்சவையோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"பாப்பம். வாற வருசம் பாப்பம்."

நான் படத்தை இடமிருந்து வலமாகப் பார்த்தேன். சின்னவர்கள், பதாகை, மறுபடி சின்னவர்கள். வலது ஓரத்தில் கரியேறிய பெரிய பானை. அதன் பின்னால் உயரமான ஒருத்தி அகப்பையோடு நின்றாள். நீலச் சீருடை. முழங்கையில் தைத்த இடம்.

நண்பரின் மனைவி தட்டை என் கையில் தந்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "அந்தப் பெரிய பிள்ளை ஆர் அண்ணை? அங்க சமைக்கிற பிள்ளையோ?"

"ஓம்," என்றேன். அது பிழையில்லை. பெப்ரவரியிலிருந்து அங்கே அவள்தான் சமைக்கிறாள். மெத்தையை அவளுக்கே கொடுத்துவிட்டார்களாம்.

அவர் என் தட்டில் சோற்றைப் போட்டார். "காணுமோ, இன்னும் வைக்கவோ?"

போதும் என்றேன்.